பத்துக் கூடை மண்

தாழைத்திட்டுக் குப்பத்தின் புதுக் கல்யாண மண்டபத்துக்குள் முதல் ஆமை ஏறி வந்தது மாசி மாதத்து வளர்பிறை முகூர்த்தத்தன்று, பகல் பதினொன்று இருபதுக்கு, தாலித் தட்டு பெரியவர்கள் கைதொட்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்த நேரத்தில். அது கடலிலிருந்து புறப்பட்டு, வலை உலர்த்தும் மேட்டைத் தாண்டி, ஐஸ் உடைக்கிற கொட்டகையைத் தாண்டி, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கிவிட்ட வழியில் துடுப்பைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, மண்டபத்தின் மூன்று படிகளையும் ஏறி, வாசலில் நின்ற பெண்ணிடம் பன்னீரையும் வாங்கிக்கொண்டு, நேராக நடுக்கூடத்துக்குப் போய், பளபளவென்று பதித்திருந்த டைல்ஸ் தரையைப் பின் துடுப்பால் தோண்டத் தொடங்கிற்று. தரையும் மணலைப் போலவே இடம் கொடுத்தது. நூற்றுச் சொச்சம் முட்டையை உள்ளே இறக்கி, மூடி, உடம்பால் தட்டி இறுக்கிவிட்டு அது வந்த வழியே திரும்பிப் போன பிறகு பார்த்தால் தரையில் ஒரு கீறல்கூட இல்லை. தவில்காரர் மட்டும் ஓர் அடி தவறவிட்டார். அதையும் அடுத்த சுற்றில் பிடித்துவிட்டார்.

தாலி கட்டியாயிற்று, பந்தியும் போட்டாயிற்று. பந்தியில் பேச்செல்லாம் சேமியா பாயசம் குழைந்துபோனதைப் பற்றித்தான் இருந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டு வந்தன, அதற்கடுத்ததற்கு ஐந்து. முகூர்த்தமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்று வந்து பூட்டிய கதவுக்கு வெளியே காத்திருக்க, சாவி வைத்திருப்பவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவாமல் ஓடிவந்து திறந்துவிட்டார். மாசி முடிவதற்குள் ஊர் இதற்கும் ஒரு முறை வகுத்துவிட்டது. தெருவில் வடபக்கம் ஆமைக்கு, தென்பக்கம் ஆட்டோவுக்கு. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு குடம் கடல்தண்ணீர் வைத்திருந்து ஓட்டின்மேல் ஊற்றி, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து அனுப்பினார்கள். முட்டையிடும்போது ஆமைக்குக் கண்ணில் நீர் வழியும் என்பதால் பெண்ணைப் பெற்றவர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதுகொள்வது வழக்கமாயிற்று. அழுகை வராதவர்களுக்கும் அங்கே வந்தது. மேற்கே நெல் விளைகிற ஊர்களிலிருந்து சம்பந்தம் செய்ய வந்தவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். கல்யாண வீட்டுக்குள் ஆமையா என்று ஒரு மாப்பிள்ளையின் அப்பா மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் அவருடைய அக்கா ஆமையின் கண்ணைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, முப்பது வருஷமாகப் பேசாமலிருந்த தங்கையைப் பந்தலிலேயே கூப்பிட்டுப் பேசிவிடவே அவரும் இறங்கி வந்து மாலையைப் போட்டுக்கொண்டார். அந்த ஆமைகளுக்கு எப்போதுமே பங்குனி ஆமை என்றுதான் பெயர். அந்த வருஷம் பங்குனியில் அழைப்பிதழ்களில் ‘பங்குனி ஆமைகள் முன்னிலையில்’ என்று ஒரு வரி கூடுதலாக ஏறிற்று.

எல்லோருக்கும் சந்தோஷம்தான், நாவுக்கரசியைத் தவிர.

நாவுக்கரசிக்கு நாற்பத்தெட்டு வயது. கடற்கரையில் தாழம்புதருக்குக் கீழே மூங்கில் வேலி போட்ட முட்டைக் கொட்டகைக்கு அவள்தான் காவல். ஆமை கண்ட இடத்தில் இட்டுவிட்டுப் போகிற முட்டைகளை நாய்க்கும் நரிக்கும் முன்னால் போய் எடுத்துவந்து, கொட்டகைக்குள் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, நாற்பத்தெட்டு நாள் காத்திருந்து, குஞ்சுகள் மேலே வந்ததும் கடலில் விடுகிற வேலை. வனத்துறை வைத்திருந்த தற்காலிக வேலை, பதினான்கு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தது. இந்த வருஷம் கொட்டகையில் ஒரு முட்டையும் இல்லை. வேலி ஓரத்தில் அவள் நிற்க, ஆமைகள் அவளுடைய காலை உரசிக்கொண்டு, ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பாமல் ஊருக்குள் போயின. ஒன்றின் முன்னால் அவள் குறுக்கே படுத்துப் பார்த்தாள். அது நிதானமாக அவள்மேல் ஏறி இறங்கிப் போயிற்று. முதுகில் மூன்று நாள் வலி இருந்தது.

அவை ஏன் அங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊரில் கணக்கு ஆள் கணக்கல்ல, தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. ஊர்ப் பொதுவில் பங்கு, கூட்டத்தில் பேச்சு, செத்தால் பறைமேளமும் நாலு தோளும், எல்லாம் அந்தப்படிதான். நாவுக்கரசியின் புருஷன் வைரக்கண்ணு பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன் போனவன்தான். அன்றைக்கு அவள் அரைத் தலைக்கட்டானாள். மாரியம்மன் திருவிழாவில் தலைக்கட்டுக்கு ஒரு முழுத் தேங்காய் கொடுக்கும்போது அவளுக்கு ஒரு மூடி வரும், அதுவும் கண் இல்லாத மூடி. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேட்பாள்; கூட்டத்துக்குக் கூட்டம் ஊர்த் தலைவரான நாட்டார் பூமாலை, “கேக்குறது நாயந்தான் அரசி, பேசி முடிவு பண்ணுவோம்” என்பார். பூமாலை கெட்டவர் இல்லை. யார் எதைக் கேட்டாலும் நியாயம் என்றுதான் சொல்வார்.

மண்டபம் கட்டியபோது தரை நிரப்ப மண் வேண்டியிருந்தது. தலைக்கட்டுக்குப் பத்துக் கூடை என்று ஊர் முடிவெடுத்தது, அரைக்கு ஐந்து. நாவுக்கரசி பத்து சுமந்தாள். வேறெங்கும் போகாமல் தன் கொட்டகை மண்ணையே வெட்டி எடுத்தாள். பதினான்கு வருஷத்து முட்டைத் தோடு மக்கிக் கறுத்துப்போய், கையில் பிடித்தால் உடம்புச் சூட்டோடு இருக்கிற மண், கொட்டினால் கிண்ணென்று உட்காருகிற மண். “எங்க வெட்டுன இத?” என்று கொத்தனார் கேட்டார். அவள் பெருமையாகக் காட்டிக்கொடுத்தாள். பிறகென்ன, முந்நூற்றுப் பத்துத் தலைக்கட்டும் அதே இடத்தில் வந்து வெட்டிற்று. ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். பெண்கள்தான் வரிசை வரிசையாகத் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். புருஷனில்லாதவள் நடுவில் கொட்டக்கூடாது என்று நாவுக்கரசியை வடகிழக்கு மூலைக்கு அனுப்பினார்கள். அவளுக்குப் பக்கத்திலேயே கொட்டினவள் ஓர்ப்படியாள் கோகிலம், கொழுந்தன் தங்கராசுவின் மனைவி. பின்னால் வாஸ்து பார்க்க வந்தவர் மணமேடை வடகிழக்கில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட, நாவுக்கரசி கால் வைக்கக்கூடாத மேடை நாவுக்கரசியின் மண்மேல் எழும்பிற்று.

அந்த வருஷத் திருவிழாவில் அவளுக்கு முழுத் தேங்காய் வந்தது. பூமாலையே கையில் கொடுத்தார். அவள் அதை உடைக்கவில்லை. வீட்டு மாடத்தில் வைத்தாள். உள்ளே நீர் வற்றிக் கொப்பரை கழன்று, ஆட்டினால் கடகடவென்று பேசும்.

பங்குனி நடுவில் கடல் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து பர்வீன் வந்தாள். முப்பது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடி, தோளில் ஐஸ் பெட்டி. கடற்கரையில் நாலு இடத்திலும், மண்டபத்துப் படிக்கட்டுச் சந்தில் கசிந்திருந்த மண்ணிலும் சின்னச் சின்னக் குழாயில் அள்ளிக்கொண்டு போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

“அக்கா, மண்ணுன்னு நாம சொல்றோம், அது மண்ணு இல்லக்கா. ஊரு. ஒரு பிடி மண்ணுக்குள்ள எத்தினி பாக்டீரியா குடியிருக்குன்னு எண்ணி மாளாது. அதுங்க மூச்சு விடுற வாசனைதான் அந்த மண்ணோட வாசனை. குஞ்சா இருந்தப்ப அந்த வாசனைய மோந்துட்டுக் கடலுக்குப் போனது, பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு அதத் தேடித்தான் வருது. நீங்க வெட்டின எடத்துல கடல் கொண்டாந்து போட்டது புது மண்ணு. அதுல ஒருத்தருமே குடிவரல. வாசனையே இல்ல. ஆமைக்கு அது சொந்த ஊரே கெடையாது.”

“அதான் மண்டபத்துக்குப் போவுதா?”

“ஊரு எங்க போச்சோ அங்கதானக்கா போவும்.”

நாவுக்கரசி வேலி மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “முட்டை பொரியுமா உள்ள?” என்றாள்.

பர்வீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “பொரியும். ஆனா மேல வர்றதுக்கு வழி? தாய்க்குத்தான் தரை வழி விடுது, குஞ்சுக்கு விடுமான்னு தெரியல. இன்னொண்ணும் இருக்குக்கா. அந்த மண்ணுக்கு இப்ப மேல காத்து இல்ல. காத்து இருக்கிறவரைக்கும் அதுங்க முட்டைக்குக் காவல். காத்து இல்லாமப் போனா வேற சாதி தலையெடுக்கும், அதுங்களுக்குப் பசி ஜாஸ்தி. முட்டையத்தான் திங்கும்.”

சித்திரை பிறந்து நாலாம் நாள், ஒரு நிச்சயதார்த்தத்தில், மண்டபத்துத் தரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முறத்தில் அரிசியைப் போட்டு மெதுவாகப் புடைக்கிற மாதிரி சத்தம். பேச்சு நின்றது. யாரோ ஒரு கிழவர் காதைத் தரையில் வைத்துக் கேட்டு, “பொரிஞ்சிருச்சு” என்றார். பெண்கள் குலவையிட்டார்கள். தவில்காரர் அதற்குத் தக்கபடி கையை மாற்றி வாசித்துப் பார்த்து, தாளம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். ஆறு நாள் அந்தச் சத்தம் இருந்தது. ஏழாம் நாள் இல்லை.

“கடலுக்குப் போயிருச்சுங்க” என்றது ஊர். தாய் எப்படித் தரையைப் பிளந்து வந்ததோ அப்படியே பிள்ளையும் போயிருக்கும் என்பது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. யாரும் ஒரு குஞ்சையும் தெருவில் பார்க்கவில்லையே என்று நாவுக்கரசி கேட்டாள். பார்க்க முடியாதபடிதானே போகும் என்றார்கள். அடுத்த குழி பேசிற்று, ஆறு நாளில் ஓய்ந்தது. அதற்கடுத்தது. மண்டபத்துக்குள் பன்னீருக்கும் சாம்பிராணிக்கும் அடியில் லேசாக ஒரு நாற்றம் கிளம்பிற்று. சமையல்காரரிடம் விசாரித்தார்கள். அவர் கோபித்துக்கொண்டு கரண்டியைப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் நாவுக்கரசி ஏறி இறங்காத படி இல்லை. வனத்துறை அலுவலகத்தில், கடற்கரையில் முட்டை இருந்தால் எங்கள் பொறுப்பு, கட்டடத்துக்குள் இருந்தால் கட்டடக்காரர் பொறுப்பு என்றார்கள். கட்டடங்களைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சுத்தியலால் தரையைத் தட்டிப் பார்த்து, ஒரு விரிசலும் இல்லை, அருமையான வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பூமாலை, “நீ சொல்றது நாயந்தான். குஞ்சு பாவம். முகூர்த்த நாளெல்லாம் முடியட்டும், ஆனி மாசம் உக்காந்து பேசுவோம்” என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். தலையாட்டுகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் தினம் மண்டபத்து வெளிச்சுவரில் காதை வைத்துக் கேட்பாள். எந்தக் குழி எப்போது இட்டது, எது பேசுகிறது, எது ஓய்ந்தது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நாற்பத்தோரு குழியில் பதினெட்டு ஓய்ந்துவிட்டன. வடகிழக்கு மூலையில் இருந்தவை கடைசியாக இட்டவை. அவற்றில் ஒன்று வரும் வியாழனுக்கு நாற்பத்தெட்டு.

தண்ணீர்க் குழாயடியில் கோகிலம் சொன்னாள்: “ஏன்க்கா இப்புடி செவுத்துல காத வச்சிட்டு நிக்கிற? ஊரே சிரிக்குது. கல்யாணத்துக்கு வர்ற சனம், யாரு இந்தப் பொம்பளன்னு கேக்குது. கடலோட போன எங்க மச்சான் பேரு கெடுதுல்ல.”

“ஒன் காதுக்குக் கேக்கலயாடி?”

“கேக்குது. எனக்குந்தான் கேக்குது. கேட்டா என்னா பண்ணச் சொல்ற? வீட்டுல ரெண்டு பொண்ணு கெடக்கு, அதே மண்டபத்துல ஏத்தி எறக்கணும். ஒனக்கு என்னா, தனிக்கட்ட.” குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இரண்டடி போய்த் திரும்பாமலே, “நேத்துலேருந்து மேடைக்கிட்ட ஒண்ணு ரொம்ப சத்தம் போடுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசி நம்பிக்கையாக நாவுக்கரசி பர்வீனின் அறிக்கையைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தாள். பர்வீனே வந்து படித்தாள். எழுத்துத் தமிழில் நிதானமாகப் படித்தாள்: தரைக்குக் கீழேயுள்ள மண்ணில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை மிக அதிகமாக உள்ளது. அந்த வரிக்கு மேல் யாரும் எதையும் காதில் வாங்கவில்லை.

“பாக்டீரியான்னா கிருமிதானம்மா?” என்றார் பூமாலை.

“எல்லாம் கெட்ட கிருமி இல்லீங்கய்யா. இதுங்க...”

“கிருமி எங்க இருக்கு? மண்டபத்துக்கு அடியில. சோறு எங்க திங்கிறோம்? மண்டபத்துல.” பூமாலைக்கு முகமெல்லாம் தெளிந்துவிட்டது. இரண்டு மாதமாக அவருக்குப் பிடிபடாமலிருந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்த ஒன்றாகிவிட்டது. “இத மொதல்லயே சொல்லக் கூடாதா அரசி? நாத்தம் அதான். நாலு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கரைச்சு, தரையில அங்கங்க துளை போட்டு ஊத்திருவோம். வெள்ளிக்கிழம பெரிய கல்யாணம், அதுக்குள்ள முடிச்சிருவோம்.”

இரண்டு மாதம் கெஞ்சித் தரையில் ஒரு துளை போட வைக்க முடியாதவளுக்கு ஒரே வார்த்தையில் நாற்பது துளை கிடைத்தது, மருந்து ஊற்ற. பர்வீன் எழுந்து என்னென்னவோ சொன்னாள். பால் தயிராவதுகூடக் கிருமியால்தான் என்றாள். கூட்டம் மரியாதையாகக் கேட்டுவிட்டு அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பர்வீன் அழாத குறையாக, “மன்னிச்சிருங்கக்கா” என்றாள்.

“அந்தத் தயிர் சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு” என்றாள் நாவுக்கரசி.

“தயிரா? பாலுக்கு உறை ஊத்துறோம்ல. ஒரு சொட்டு போதும், பானையே மாறுது. மண்ணும் அப்படித்தான்னு சொல்ல வந்தேன். உங்க பழைய மண்ணு கொஞ்சம், ஒரு பாய் அளவு இருந்தாக்கூட, கரையில போட்டுக் காத்து பட விட்டா, சுத்தி இருக்கிற புது மண்ணுக்கும் அது உறை. நாளாகும். ஆனா ஊரு திரும்பிரும்.”

“பாய் அளவுன்னா எத்தினி கூடை?”

பர்வீன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். “எட்டு, பத்து.”

வியாழக்கிழமை காலை, வெயில் ஏறி ஆண்கள் வலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நாவுக்கரசி மாடத்துத் தேங்காயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, பத்துக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு மண்டபத்துக்குப் போனாள். உள்ளே பிளீச்சிங் மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. பூமாலையும் பஞ்சாயத்தார் நாலுபேரும் எந்த டைல்ஸில் துளை போடலாம் என்று சாக்கட்டியால் குறித்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் துளைகளை அடைப்பதற்குச் சாந்து குழைத்துச் சட்டியில் தயாராக வைத்திருந்தார்.

“மாமா, என் தலைக்கட்ட அழிச்சிடுங்க” என்றாள்.

பூமாலை நிமிர்ந்தார். அந்த வார்த்தையை ஊரில் லேசில் யாரும் சொல்வதில்லை. ஊரோடு உறவு வேண்டாம் என்று போகிறவன் சொல்கிற வார்த்தை அது. சொல்லிவிட்டால் அவன் வீட்டுக்கு மேளம் வராது, பங்கு வராது, பிணத்துக்குத் தோள் வராது; ஆனால் பொதுவுக்கு அவன் பொருளாகக் கொடுத்ததை ஊர் திருப்பிக் கொடுத்தாகவேண்டும். கடைசியாகச் சொன்னவன் ஒருவன் இருபது வருஷத்துக்கு முன்னால் கோயில் கொட்டகையிலிருந்து தான் கொடுத்த ஒரு பனந்தூணைப் பிடுங்கிக்கொண்டு போனான். கொட்டகை இன்றைக்கும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

“பைத்தியமா ஒனக்கு? பதினோரு வருசம் கேட்டு வாங்குனத...”

“வாங்குனத வச்சிக்கிட்டுத்தான் சொல்றேன்.” முந்தானையை அவிழ்த்துத் தேங்காயை அவர் முன்னால் வைத்தாள். அது ஒரு தரம் உருண்டு கடகடத்து நின்றது. “பத்துக் கூடை மண்ணு குடுத்தேன். அதக் குடுங்க, போறேன்.”

“மண்ணுதான? வெளியில லோடு மண்ணு கெடக்கு, இருபது கூடையா அள்ளிக்க.”

“குடுத்தது எதுவோ அதத்தான் குடுக்கணும். பனந்தூணுக்குப் பதிலா வேற தூண் குடுத்தீங்களா அன்னிக்கு?”

பஞ்சாயத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமி, “மொறை அதான்” என்றார். பூமாலை நெற்றியைத் தடவினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ‘நியாயந்தான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. “முந்நூத்திப்பத்துப் பேரு மண்ணுல ஒன் மண்ணு எதுன்னு கண்டே?”

“நீங்கதான காட்டுனீங்க, மூலைக்குப் போன்னு.” மணமேடையைக் கை நீட்டிக் காட்டினாள்.

அவள் மேடையில் ஏறியபோது யாரும் தடுக்கவில்லை. ஊரில் இல்லாதவளுக்கு ஊர் விலக்கும் இல்லை. கொத்தனார் உளியை வைத்து ஒரு பாய் அளவுக்கு டைல்ஸைப் பெயர்த்துக் கொடுத்தார். மண்ணிலிருந்து எழுந்த நாற்றத்தில் இரண்டுபேர் வெளியே போனார்கள். நாவுக்கரசி மண்வெட்டியை டைல்ஸ் மேல் வைத்துவிட்டு, மண்டிபோட்டுக் கையாலேயே தோண்டினாள். முதல் மூன்று கூடை கறுத்து வழுவழுவென்றிருந்தது. நாலாவதில் முட்டைத் தோடு வந்தது. ஐந்தாவதில் ஒரு துடுப்பு, சுண்டுவிரல் நகம் அளவு, மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவள் விரலை உதைத்தது. அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக அவ்வளவும், கறுப்பாக, கண்ணில் மண்ணோடு, பாதி மயக்கத்தில். அவள் மண்ணோடு மண்ணாக அவற்றைக் கூடையில் அள்ளி வைத்தாள். வெளியே போனவர்கள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். பூமாலை மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்: ஏழு, எட்டு, ஒன்பது.

பத்தாவது கூடை நிரம்பியபோது குழியின் பக்கச் சுவர் கொஞ்சம் சரிந்தது. அந்தச் சரிவில், அடுத்த குழியின் முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒன்றில் விரிசல் விட்டு, உள்ளேயிருந்து ஒரு மூக்கு வெளியே நீண்டு காற்றை மோந்தது. நாவுக்கரசி கையை நீட்டினாள்.

“போதும் அரசி” என்றார் பூமாலை. குரல் அவருக்கே பிடிக்காத மாதிரி வந்தது. “பத்து ஆயிருச்சு. அது ஊருது.”

“மாமா, ஒரே ஒரு கூடை.”

“மொறைய நீதான சொன்ன?”

அவள் நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள். அந்த மூக்குக்கும் அவள் விரலுக்கும் நடுவில் அரைச் சாண் இருந்தது. பிறகு கையை மடக்கி எழுந்தாள். கொத்தனார் சட்டியைக் கிட்டே இழுத்து வைத்தார், ஆனால் கரண்டியை எடுக்கவில்லை.

பத்துக் கூடையையும் ஒவ்வொன்றாகச் சுமந்தாள். மண்டபத்திலிருந்து தாழம்புதர்வரை போய்வர ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம். ஒவ்வொரு நடைக்கும் தெரு கதவைத் திறந்து பார்த்தது, யாரும் கூடைக்குக் கை கொடுக்கவில்லை. அழிந்த தலைக்கட்டுக்குத் தோள் கொடுப்பதில்லை என்பது அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. கொட்டகை வேலிக்குள் புது மண்ணில் ஒரு பாய் அகலத்துக்குக் குழி பறித்து அந்தக் கறுப்பு மண்ணைப் பரப்பினாள், பொலபொலவென்று கிளறிக் காற்றுப் பட விட்டாள். நாற்றம் கடல்காற்றில் மெல்ல மாறி, அவளுக்குத் தெரிந்த பழைய வாசனையின் ஓர் ஓரம் வந்து, போய், மறுபடி வந்தது. குஞ்சுகள் அதன்மேல் கொஞ்சநேரம் தலையைத் தாழ்த்திக் கிடந்தன. பிறகு ஒன்று நகர்ந்தது. நூற்றாறில் எழுபத்திரண்டு அலையைத் தொட்டன. மீதியை அவள் அதே மண்ணில் புதைத்தாள்.

பத்தாவது கூடையையும் கவிழ்த்துவிட்டு, டைல்ஸ் மேல் விட்டுவந்த மண்வெட்டிக்காக வெறும் கூடையோடு அவள் மண்டபத்துக்குத் திரும்பியபோது வாசலில் கூட்டமாக இருந்தது. குழி இன்னும் திறந்துதான் கிடந்தது. குழியின் விளிம்பில், ஈரப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துவைத்துக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்தவளாகக் கோகிலம் நின்றிருந்தாள். காலடியில் மீன்கூடை, செதில் ஒட்டியபடி.

“ஒன் புருசன் வரட்டும் கோகிலம்” என்று பூமாலை சொல்லிக்கொண்டிருந்தார். “தலைக்கட்டு அவன் பேருல இருக்கு. அவன் வந்து சொல்லட்டும், பேசுவோம்.”

“அவரு கடலுக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வருவாரு. சாயங்காலத்துக்குள்ள நீங்க பூசிருவீங்க.”

“அதுக்கு நான் என்னா செய்ய? குடுத்தது அவன்.”

“அவரு குடுத்தாரா?” கோகிலம் குழியைக் குனிந்து பார்த்தாள். அந்த மூக்கு இப்போது தலையாகியிருந்தது. “பத்துக் கூடை. அக்கா மண்ணுக்குப் பக்கத்துலயே கொட்டுனேன். ஏழாவதுல என் வளையல் ஒண்ணு கழண்டு விழுந்திச்சு, பச்ச வளையல், தேடக்கூட விடல நீங்க, வரிச நிக்குது போ போன்னீங்க. சுமந்தது யாரு, மாமா?”

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, “நான் அந்தத் தூணுக்குக் கீழ கொட்டுனேன்” என்று, யாரிடமும் சொல்லாத மாதிரி, மெதுவாகச் சொன்னாள். இன்னொருத்தி அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

நாவுக்கரசியைக் கண்டதும் கோகிலத்துக்கு எரிச்சல்தான் வந்தது. “நீ ஏன்க்கா மரம் மாதிரி நிக்கிற? ரெண்டு பொண்ண எங்க ஏத்தி எறக்குறதுன்னு நான் அப்பறம் பாத்துக்கிறேன். கூடையக் குடு, என்னுது ஓட்டை” என்று சொல்லி, அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கி, கறுத்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளத் தொடங்கினாள்.

“கோகிலம், இன்னும் முடிவு ஆவல. பேசுவோம்” என்றார் பூமாலை.

“பேசுங்க” என்றாள் அவள் நிமிராமல்.

அவர் பஞ்சாயத்தாரைப் பார்த்தார். அவர்கள் பிளீச்சிங் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். கொத்தனார் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சட்டியில் குழைத்து வைத்திருந்த சாந்து ஓரத்திலிருந்து வெளுத்து, இறுகிக்கொண்டு வந்தது.